செம்மண்ணில் இரும்புப் பசி

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செம்மண்ணைப் பற்றி எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மழை நாளில் காலணியில் அப்பிக்கொள்வதும், வெயில் நாளில் லாரி சென்றதும் சாலையோரத்துப் பால்மர இலைகளில் செந்தூளாகப் படிவதும், பிள்ளைகளின் பள்ளிச் சட்டையில் சவர்க்காரத்துக்கும் மசியாத கறையாக நிற்பதும் அந்த மண்தான். அதற்கு அச்சிவப்பு நிறம் இரும்பினால் வந்தது. மழையில் நனைந்த வெட்டுக் கத்தியில் படியும் துரு எதுவோ, ஏறத்தாழ அதுவே செம்மண்ணின் செந்நிறமும் ஆகும்.

அப்படிப்பட்ட மண்ணில், லயத்து வீட்டின் பின்புறம் நட்ட பயற்றங்கொடி இரும்புச் சத்துக் கிடைக்காமல் மஞ்சளித்துப் போகக்கூடும் என்றால் நம்புவது அரிதே. ஆயினும் அது உண்மை. கடல் நடுவே படகில் இருப்பவன் குடிப்பதற்கு நீரின்றித் தவிப்பதைப் போன்ற நிலை அது. சுற்றிலும் இருக்கிறது, ஆனால் பயன்படும் நிலையில் இல்லை.

ஒரு பாத்திப் பயறு சிறிய செய்தியாகத் தோன்றலாம். காலையில் பால் வெட்டிவிட்டு, பிற்பகலில் மண்ணைக் கொத்தி, கழி நட்டு, மாலைதோறும் நீர் ஊற்றிய உழைப்பு அதில் அடங்கியிருக்கிறது. விதைத்த 45 முதல் 50 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கினால் குடும்பத்துக்குக் கறியாகும். மிஞ்சியது சந்தைக்குப் போகும். அக்கொடி மஞ்சளிக்கும்போது நம்மில் பலர் உடனே யூரியாவை அள்ளிப் போடுகிறோம். அது பலிக்காவிட்டால் சுண்ணாம்பையோ அடுப்புச் சாம்பலையோ மேலும் தூவுகிறோம். நோய் இரும்புப் பசியாக இருந்தால் முதல் மருந்து வீண். இரண்டாவது மருந்து நோயை வளர்க்கும். ஆகவே இதன் காரண காரியங்களைச் சற்று விளங்கிக்கொள்வது நம் உழைப்புக்கும் கைப்பணத்துக்கும் காவலாகும்.

இரும்பு பயிருக்கு எதற்கு?

இலையின் பசுமைக்குக் காரணமான பொருளைப் பச்சையம் என்கிறோம். சூரிய ஒளியைக் கொண்டு இலை உணவு சமைப்பது இப்பச்சையத்தின் துணையினால்தான். பச்சையத்தில் இரும்பு ஓர் உறுப்பாக இல்லை. ஆனால் பச்சையம் உருவாவதற்கு இரும்பு இன்றியமையாதது. சோற்றில் நெருப்பு இல்லை, ஆனால் நெருப்பின்றிச் சோறு ஆகாது என்பதைப் போல இதைக் கொள்ளலாம். இரும்பு குறையும்போது இலையில் பச்சையம் குறைகிறது. பச்சையம் குறைந்தால் இலை சமைக்கும் உணவு குறைகிறது. உணவு குறைந்தால் கொடி குட்டையாகிப் பூவும் பிஞ்சும் குறைகின்றன.

பயிருக்குத் தேவைப்படும் இரும்பின் அளவு மிகச் சிறிது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றைப் போல மூட்டைக் கணக்கில் இட வேண்டிய பொருள் அன்று. ஆதலால் இதனை நுண்சத்து என்பர். அளவில் நுண்ணியதானாலும், அது இல்லாத இடத்தை வேறெந்த உரமும் ஈடு செய்யாது.

மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாதது ஏன்?

பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் ஏறத்தாழ 5 விழுக்காடு இரும்பு. உயிரியம், சிலிக்கன், அலுமினியம் ஆகியவற்றுக்கு அடுத்து மிகுதியாக உள்ள தனிமம் அதுவே. ஆகவே இரும்பே இல்லாத மண் என்று ஒன்றைக் காண்பது அரிது. சிக்கல் இருப்பில் இல்லை, கரைவதில் இருக்கிறது.

வேர் எந்தச் சத்தையும் நீரில் கரைந்த நிலையில்தான் உறிஞ்ச முடியும். துருவோ நீரில் கரைவதில்லை. துருப்பிடித்த கத்தியை எத்தனை வாளி நீரில் கழுவினாலும் துரு போகாது. அதையே புளி போட்டுத் தேய்த்தால் துரு இளகி வருவதை நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவர். புளியிலுள்ள புளிப்பு, அதாவது அமிலம், துருவைக் கரைக்கிறது.

மண்ணிலும் இதுவே நடக்கிறது. மண்ணின் புளிப்பை அளக்க பி.எச். என்னும் அளவுகோல் உண்டு. அதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே செல்லச் செல்லப் புளிப்பு மிகும்; மேலே செல்லச் செல்லக் காரம், அதாவது சுண்ணாம்புத் தன்மை, மிகும். பி.எச். ஒரு படி ஏறினால் மண் நீரில் தானாகக் கரைந்து நிற்கும் துரு வகை இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது வேதியியல் கணக்கு. 5 என்ற நிலையிலிருந்து 7க்கு இரண்டே படிகள்தாம். ஆனால் ஆயிரத்தில் ஒன்றும், அதிலும் ஆயிரத்தில் ஒன்றும் என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்றாகிறது. மண்ணின் சிவப்பு சற்றும் மாறாது. இரும்பு அங்கேயேதான் இருக்கும். வேரின் வாய்க்கு மட்டும் அது எட்டாது.

பயிரும் வாளாவிருப்பதில்லை. பயறு, அவரை, சோயா முதலியவற்றின் வேர்கள் இரும்புப் பசி ஏற்பட்டதும் தாமே புளிப்பைச் சுரந்து, பக்கத்து மண்ணை இளக்கி, துருவிலுள்ள இரும்பைக் கரையும் வடிவுக்கு மாற்றி உறிஞ்சுகின்றன. அதாவது கொடி தன் கையிலேயே சிறிது புளி வைத்திருக்கிறது. ஆனால் மண்ணில் சுண்ணாம்பு மிகுந்திருந்தால் அது வேர் சுரக்கும் புளிப்பை உடனுக்குடன் முறித்துவிடுகிறது. அப்போது கொடி தோற்றுப்போகிறது.

பயற்றினத்துக்கு இரட்டைப் பசி

மற்றச் செடிகளைக் காட்டிலும் பயற்றினச் செடிகளுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும். அதற்குக் காரணம் அவற்றின் வேரில் இருக்கிறது.

பால்மரக் கன்றுகளுக்கு இடையே நிலத்தை மூடிப் படரும் பூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளை நாம் அறிவோம். அவையும் பயற்றினத்தைச் சேர்ந்தவையே. அவற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் மணிமணியாக முடிச்சுகள் காணப்படும். அம்முடிச்சுகளுக்குள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. அக்கொடிகளைத் தோட்டங்களில் வளர்ப்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று. வீட்டுப் பாத்தியில் உள்ள பயற்றங்கொடியும் இவ்வாறே தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும் பகுதியைத் தானே தேடிக்கொள்கிறது.

உயிருள்ள ஒரு வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தெரியும். நம் இரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு நெருங்கிய உறவான ஒரு பொருள் அதனுள் இருக்கிறது. இரத்தத்தைப் போலவே அதற்கும் இரும்பு வேண்டும். அது மட்டுமன்று, காற்றின் தழைச்சத்தைப் பிடிக்கும் பணியைச் செய்கின்ற நொதியும் இரும்பைக் கொண்டே அமைந்தது.

ஆகவே இரும்பு எட்டாமற்போனால் பயற்றங்கொடிக்கு இரண்டு பசி. ஒன்று, இலையில் பச்சையம் குன்றுகிறது. மற்றொன்று, வேரில் முடிச்சுகள் குறைந்தும் சிறுத்தும் போவதால் தழைச்சத்தும் குன்றுகிறது. நிலக்கடலையில் இரும்புக் குறை முடிச்சுகளின் வளர்ச்சியையே தடுக்கிறது என்பது 1988ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்விலும் தெளிவாயிற்று. கொடி வெளிறிக் கிடப்பதைக் கண்டு தழைச்சத்து மட்டுமே குறைவென்று நாம் முடிவு கட்டிவிடுவது இதனால்தான்.

பிற நாடுகளில் கண்டவை

இந்நோய் புதியதன்று. பிரான்சு நாட்டில் யூசெப் கிரி என்பார் 1840களிலேயே மஞ்சளித்த இலைகளின்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, தடவிய இடம் பச்சையாவதைக் காட்டினார். இலையின் மஞ்சளுக்கும் இரும்புக்கும் உள்ள உறவு அன்று வெளிப்பட்டது.

அமெரிக்காவின் அயோவா, மினசோட்டா ஆகிய மாநிலங்களில் இயற்கையாகவே சுண்ணாம்பு கலந்த நிலங்கள் பல உண்டு. அங்கே சோயா பயிர் இளமையிலேயே மஞ்சளிப்பது உழவர்களுக்கு நெடுநாளைய தொல்லை. ஒரே நிலத்தில் ஒரு ரகம் மஞ்சளிக்க, அதன் பக்கத்திலேயே மற்றொரு ரகம் பச்சையாக நிற்பதையும் கண்டனர். இரும்பைத் தேடி எடுக்கும் இத்திறன் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவதைப் போல விதை வழி வருவது என்பதை 1943ஆம் ஆண்டு வெய்ஸ் என்ற ஆய்வாளர் நிறுவினார். அதன் பின்னர், சுண்ணாம்பு நிலத்துக்குத் தாங்கும் ரகங்களைத் தேர்ந்து விதைப்பதே அங்கு முதல் மருந்தாயிற்று.

வட சீனாவின் சுண்ணாம்பு நிலங்களில் நிலக்கடலையைத் தனியே பயிரிட்டால் மஞ்சளிக்கிறது. மக்காச்சோள நிரைகளுக்கு அருகே, இரண்டின் வேர்களும் பின்னிக்கொள்ளும்படி பயிரிட்டால் அந்த மஞ்சள் பெரிதும் குறைகிறது. சோளமும் புல்லினத்தைச் சேர்ந்தது. புல்லினத்தின் வேர்கள் இரும்பைப் பற்றிக் கரைத்துக்கொண்டு வரும் தனிப்பட்ட பொருளொன்றைச் சுரக்கின்றன. அந்த நன்மை பக்கத்துக் கடலைக்கும் கிட்டுகிறது.

நம்முடையதைப் போன்ற செம்மண் பூமியிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒவாஹு என்னும் தீவில், இரும்பு மிகுந்த நிலத்தில் நட்ட அன்னாசிப் பயிர் மஞ்சளித்து நலிந்தது. அம்மண்ணில் மாங்கனீசு என்னும் மற்றொரு தனிமம் அளவுக்கு மீறி இருந்ததால் அன்னாசியால் இரும்பைப் பயன்படுத்த இயலவில்லை. இரும்புச் சல்பேட்டுக் கரைசலை இலையின்மேல் தெளித்தால் பயிர் தேறுகிறது என்பதை மேக்ஸ்வெல் ஜான்சன் 1916ஆம் ஆண்டு கண்டறிந்தார். மண் சிவப்பாக இருப்பதால் மட்டும் பயிருக்கு இரும்பு கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நம் பாத்தியில் எப்படி நேர்கிறது?

மலேசியாவின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் புளிப்பு மண். பி.எச். அளவு 4க்கும் 5க்கும் இடையில் நிற்பது வழக்கம். பால்மரம் அதைத் தாங்கி வளர்கிறது. ஆகவே இயற்கையான தோட்ட மண்ணில் இரும்புப் பசி வருவது அரிது.

ஆனால் அந்தப் புளிப்பு மண் பயற்றுக்கு ஏற்றதன்று. புளிப்பு மிகுந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனிகளைக் கெடுக்கிறது. பயற்றினத்துக்கு 5.5 முதல் 6.5 வரையிலான நிலையே நன்று. ஆகவே காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு இடுவது தேவையான செயல்தான். கேடு அதன் அளவில் வருகிறது.

எக்டருக்கு 2 டன் சுண்ணாம்புக்கல் தூள் இடுவதாகக் கொண்டால் அது சதுர மீட்டருக்கு 200 கிராம் ஆகும். ஒரு மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள பாத்திக்கு ஒரு கிலோவே போதும். கையால் அள்ளித் தூவும்போது இதைப்போல் பல மடங்கு விழுந்துவிடுவது எளிது. ஒவ்வொரு பயிருக்கும் முன்பாகப் பழக்கத்தினால் மீண்டும் மீண்டும் இட்டு வந்தால் அது மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

சுண்ணாம்பு நேராக மட்டும் வருவதில்லை. அடுப்புச் சாம்பலும், குப்பையை எரித்த சாம்பலும் காரமானவை. வீடு பழுது பார்த்தபோது கொட்டிய சிமெண்டும் சுவர்க்காரையும் மண்ணுக்குள் கிடந்து ஆண்டுக்கணக்கில் சுண்ணாம்பைக் கசியவிடும். முட்டைக்கோழியின் எருவிலும் தீவனத்திலிருந்து வந்த சுண்ணாம்பு உண்டு, மணிச்சத்தும் மிகுதி. மணிச்சத்து அளவுக்கு மீறினாலும் இரும்பைக் கட்டிப்போடும். இவை யாவும் சேரும் இடம் எதுவென்று பார்த்தால், பெரும்பாலும் வீட்டுக்கு மிக அருகில் உள்ள பாத்தியே. ஆகவேதான் சற்றுத் தள்ளி நட்ட கொடி பச்சையாக இருக்க, சுவரோரக் கொடி மட்டும் வெளுத்து நிற்பதைச் சில வீடுகளில் காணலாம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது சுண்ணாம்புக்கும் பொருந்தும்.

எந்த இலை முதலில் மஞ்சளிக்கிறது?

மஞ்சள் இலையெல்லாம் இரும்புப் பசி அன்று. உண்மையில் நம் நாட்டு மண்ணில் தழைச்சத்துக் குறைவும் மக்னீசியக் குறைவுமே இதனினும் மிகுதி. அவற்றைப் பிரித்தறிய, மஞ்சள் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. குறைவு வந்ததும் செடி, முதிய இலைகளிலிருந்து அவற்றை எடுத்து இளந்தளிர்களுக்கு அனுப்பிவிடும். பெற்றோர் தம் உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதைப் போன்றது இது. ஆகவே அடியிலுள்ள முதிய இலைகளே முதலில் மஞ்சளிக்கும். இலை நரம்போடு சேர்த்து முழுதும் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு எனலாம். முதிய இலையில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு எனலாம்.

இரும்போ ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் எளிதில் வேறு இடம் பெயராது. எனவே குறைவு வந்தால் புதிதாகத் துளிர்க்கும் இலைக்குத்தான் பங்கு இல்லாமற்போகும். நுனித் தளிர் மஞ்சளாகவும், அதன் நரம்புகள் மட்டும் பச்சை வலையைப் போலத் தெளிவாகவும் இருக்கும். அடியிலுள்ள முதிய இலைகள் பச்சையாகவே நிற்கும். இதுவே இரும்புப் பசியின் அடையாளம். பசி முற்றினால் நரம்புகளும் வெளுத்து, தளிர் ஏறக்குறைய வெண்மையாகி, ஓரம் கருகும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விதைக்குள்ளேயே சிறிது இரும்பு சேமிப்பாக இருப்பதால், முளைத்து வரும் முதல் இரண்டு இலைகள் பச்சையாகவே இருக்கும். அதற்கு அடுத்து வரும் மூவிலைக் கொத்துகளில்தான் மஞ்சள் தோன்றும். முதலில் நன்றாக இருந்த கன்று பின்னர் ஏன் வெளுத்தது என்று வியக்க வேண்டியதில்லை. தாய் கொடுத்த சோறு தீர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

இலை சீரின்றித் திட்டுத்திட்டாக மஞ்சளித்துச் சுருங்கியிருந்தால் அது நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும். இலையின் அடிப்புறத்தில் அசுவினி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாத்தியில் நீர் தேங்கி நின்றால் வேர் மூச்சு முட்டிக் கொடி முழுவதுமே மஞ்சளிக்கும். இவற்றுக்கு இரும்பு மருந்தாகாது.

ஐயம் தீர்க்கும் சிறு சோதனை

கண்ணால் பார்த்தும் ஐயம் தீராவிட்டால், பாத்தி முழுவதற்கும் செலவு செய்யுமுன் ஒரே கொடியில் சோதித்துப் பார்க்கலாம். யூசெப் கிரி செய்த அதே சோதனைதான் இது.

இரும்புச் சல்பேட்டு என்பது நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று வழங்கப்படும் பச்சை நிற உப்பு. உரக்கடைகளில் பயிருக்கென்றே விற்பதை வாங்குவது நலம். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம், அதாவது மட்டமாக ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி, கலந்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட வேண்டும். புளிப்பு இருந்தால்தான் இரும்பு துருவாக மாறாமல் கரைந்து நிற்கும். வெயில் தாழ்ந்த பின், மாலையில், ஒரு கொடியின் தளிர்களில் மட்டும் நன்கு படும்படி தெளிக்க வேண்டும். பக்கத்துக் கொடியை அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஏறக்குறைய ஒரு வாரத்தில், தெளித்த இலைகளில் பச்சைப் புள்ளிகள் தோன்றிப் பரவினால் குறை இரும்பே என்று அறியலாம். மாற்றம் ஒன்றும் இல்லையெனில் வேறு காரணத்தைத் தேட வேண்டும். கரைசலை அன்றன்றே கலந்துகொள்ள வேண்டும், பழுப்பாகிவிட்டால் பயனில்லை. அளவைக் கூட்டினால் இலை கருகும். இவ்வுப்பைக் குழந்தைகள் விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில், பெயர் எழுதி, பூட்டி வைப்பது கட்டாயம்.

செய்ய வேண்டியவையும் தவிர்க்க வேண்டியவையும்

முதலாவதாக, சுண்ணாம்பையும் சாம்பலையும் அந்தப் பாத்திக்கு உடனே நிறுத்த வேண்டும். மண்ணைச் சோதிக்காமல் இனி இடக்கூடாது. பாத்தியில் ஐந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, வட்டார விவசாய இலாகா அலுவலகத்தில் காட்டி ஆலோசனை கேட்கலாம். பி.எச். அளவு 6.5க்கு மேல் இருந்தால் சுண்ணாம்பு தேவையே இல்லை.

இரண்டாவதாக, நிற்கும் பயிரைக் காப்பாற்ற மேற்கூறிய கரைசலை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை, புதுத் தளிர்கள் பச்சையாக வரும் வரை தெளிக்கலாம். தெளித்த இலையிலிருந்து இரும்பு அடுத்த தளிருக்குச் செல்லாது என்பதை முன்னரே கண்டோம். ஆகவே ஒருமுறை தெளித்து விட்டுவிட்டால் போதாது.

மூன்றாவதாக, சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சல்பேட்டைத் தரையில் கொட்டுவதால் பயன் குறைவு. சில நாட்களில் அதுவும் துருவாகிவிடும். பழைய ஆணிகளைக் கொடியின் அடியில் புதைப்பதும் இதே காரணத்தால் வீண். மண்ணில் இட வேண்டுமெனில் சீலேட்டு எனப்படும் வகையை வாங்க வேண்டும். அதில் இரும்பை ஒரு பொருள் இடுக்கியைப் போலப் பற்றிக்கொண்டு, துருவாகாமல் காக்கிறது. அதிலும் இ.டி.டி.ஏ. வகையின் பிடி ஏறக்குறைய பி.எச். 6.5 வரையில்தான் நிற்கும். அதற்கு மேற்பட்ட மண்ணுக்கு இ.டி.டி.எச்.ஏ. வகையே ஏற்றது; ஆனால் அது விலை மிகுந்தது. பெயரைப் பார்த்து வாங்காவிட்டால் பணம் மண்ணோடு போகும்.

நான்காவதாக, நன்கு மட்கிய இலைதழை எருவைச் சேர்க்க வேண்டும். மட்கும் பொருள்கள் இரும்பைப் பற்றி வேருக்குக் கொண்டு சேர்க்கத் துணை செய்கின்றன. பாத்தியைச் சற்று உயர்த்தி, நீர் தேங்காமல் வடிகால் அமைக்க வேண்டும். சுண்ணாம்பு மண்ணில் நீர் தேங்கினால் இரும்புப் பசி இன்னும் கடுமையாகும்.

ஐந்தாவதாக, அடுத்த முறை அதே இடத்தில் பயற்றின் ஓரமாக இரண்டு நிரை சோளம் நட்டுப் பார்க்கலாம். அல்லது அவ்விடத்தைச் சோளத்துக்கே விட்டுவிட்டு, பயற்றைக் காரை படாத புதிய மண்ணுக்கு மாற்றலாம். பெரும்பாலும் அதுவே செலவில்லாத மருந்து.

நாம் வாழும் மண் இரும்பில் ஏழை அன்று. பயற்றங்கொடிக்கு அந்த இரும்பு கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் பெரிதும் நம் கையில் உள்ள சுண்ணாம்பையும் சாம்பலையும் பொறுத்தது. ஆகவே அடுத்த முறை கொடி மஞ்சளிக்கக் கண்டால், உர மூட்டையை அவிழ்க்குமுன் மஞ்சள் அடியிலா நுனியிலா என்று பாருங்கள். அடியில் என்றால் தழைச்சத்தையும் மக்னீசியத்தையும் நினையுங்கள். நுனியில், பச்சை நரம்போடு என்றால், கடைசியாக அந்தப் பாத்தியில் சுண்ணாம்பும் சாம்பலும் எவ்வளவு கொட்டினோம் என்பதை நினைத்துப் பாருங்கள். இலையைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஒரு பருவத்து உழைப்பைக் காக்கும்.